புரோப் தட்டில் இருக்கும் வெள்ளிப் பிறை எதற்கு?

கேள்வி கேட்டவர் பொறியியல் மாணவர். வெல்டிங்கைச் சோதிக்கும் அல்ட்ராசோனிக் புரோப் (உலோகத்துக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் கருவி) ஒன்றைத் தானே செய்து பார்க்க, 10 மி.மீ. விட்டமும் 5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணும் உள்ள பி.இசட்.டி. (மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும் பீசோ வகை மட்பாண்டம், அதாவது செராமிக்) தட்டுகள் சிலவற்றை ஆன்லைனில் வாங்கியிருக்கிறார். ஒரு பக்கம் முழுக்க வெள்ளிப் பூச்சு. மறுபக்கம் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு வெள்ளி மட்டும் மெல்லிய இடைவெளியோடு பிரிந்து நிற்கிறது. அது தயாரிப்புப் பழுதா, சுரண்டி எடுத்துவிடலாமா, தங்கப் பூச்சு உள்ள தட்டு வாங்கினால் சிக்னல் கூடுமா, எந்தப் பக்கத்தை கிரவுண்ட் செய்வது என்று கேட்கிறார். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: எலெக்ட்ரோடு (அந்த வெள்ளிப் பூச்சு) என்பது வயர் பிடிக்கும் இடம் மட்டும்தானா, ஒலியை உண்டாக்குவதில் அதற்கும் பங்கு உண்டா?

பங்கு உண்டு. உங்கள் தட்டில் அந்தப் பங்கு பெரும்பாலும் பூச்சின் வடிவத்திலும் வயர் இணைப்பிலும் இருக்கிறது. எந்த உலோகம் என்பதில் மிகக் குறைவு. நான் தொழிற்சாலைச் சோதனைக்கான கான்டாக்ட் புரோப்களைச் செய்வதிலும் பழுது பார்ப்பதிலும் இருந்தவன். மருத்துவ ஸ்கேன் புரோப்களில் வேலை செய்ததில்லை. 

முதலில் பிறை. அது பழுதில்லை, வேண்டுமென்றே செய்தது. முன்பக்க எலெக்ட்ரோடு தட்டின் விளிம்பைச் சுற்றி வந்து பின்பக்கத்தில் எட்டிப் பார்க்கும் இடம்தான் அந்தப் பிறை. மல்டிமீட்டரின் ஒரு முனையை முன்பக்க வெள்ளியிலும் மறுமுனையைப் பிறையிலும் வையுங்கள், இணைப்பு காட்டும். இந்த ஏற்பாடு ஏன் என்றால், முன்பக்கத்தில் சால்டர் வைக்க இடமே இல்லை. தட்டின் முன்னே அலுமினா போன்ற தேய்மானத் தகட்டை எபாக்ஸியால் ஒட்டுகிறோம். அந்த ஒட்டுப் படலம் சில மைக்ரானுக்குள், எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். நடுவே கால் மில்லிமீட்டர் உயரத்துக்கு ஈயப் பொட்டு ஒன்று இருந்தால் தகடு சாய்ந்து உட்காரும். ஒலியும் சாய்ந்துதான் போகும். அதனால் இரண்டு வயர்களையும் பின்பக்கமே எடுத்துவிடுகிறார்கள். பிறை இல்லாத தட்டுகளும் உண்டு. அவற்றில் முன்பக்கத்துக்கு மெல்லிய செப்புத் தகட்டு நாடாவை ஓரத்தில் ஒட்டியோ, தேய்மானத் தகட்டின் உட்பக்கத்தில் உலோகம் பூசியோ இணைப்பு எடுப்பார்கள். முதல் முறையாகச் செய்பவருக்குப் பிறை உள்ள தட்டுதான் வசதி. எனவே சுரண்டாதீர்கள்.

ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. பீசோ பொருள், மின்புலம் ஊடுருவும் இடத்தில் மட்டுமே அதிர்கிறது. முன்பக்க எலெக்ட்ரோடும் பின்பக்க எலெக்ட்ரோடும் எதிரெதிரே ஒன்றின்மேல் ஒன்று விழும் பரப்புதான் ஒலி மூலம். தட்டின் முழு அளவு அல்ல. தோசையின் அளவு மாவு ஊற்றிய இடத்தைப் பொறுத்தது, கல்லைப் பொறுத்தது அல்ல என்பது போலத்தான். பிறைக்கு நேர் எதிரே இருப்பதும் அதே முன்பக்க எலெக்ட்ரோடு. இரண்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் நடுவே மின்புலம் இல்லை. அதோடு, வெள்ளியைச் சுட்ட பிறகுதான் தட்டை போலிங் செய்கிறார்கள். சூடான சிலிகான் எண்ணெயில் மூழ்கவைத்து, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 2 முதல் 3 கிலோவோல்ட் வரை கொடுத்து, உள்ளிருக்கும் சின்னச் சின்ன மின் இருமுனைகளை ஒரு திசைக்குத் திருப்புவதுதான் போலிங். பிறையின் அடியில் இருக்கும் பகுதிக்கு இந்த மின்புலமும் போய்ச் சேர்வதில்லை. அதனால் அந்தத் துண்டு பீசோ தன்மையே இல்லாத வெறும் மட்பாண்டமாக, மற்ற பகுதியோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கிறது. நீங்களே பிறையைப் பின்பக்க எலெக்ட்ரோடோடு இணைத்துவிட்டாலும் அது உயிர் பெறாது. ஷார்ட் ஆவது மட்டும்தான் நடக்கும்.

இது எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. எஃகில் நெட்டலையின் வேகம் நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர். 5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.18 மி.மீ. அண்மைப்புல நீளம் (புரோப்புக்குப் பக்கத்தில் ஒலியின் வலிமை ஏறி இறங்கும் பகுதியின் நீளம்) என்பது விட்டத்தின் வர்க்கத்தை நான்கு மடங்கு அலைநீளத்தால் வகுத்தால் வருவது. விட்டம் 10 மி.மீ. என்றால் 21 மி.மீ. சொச்சம். இயங்கும் பரப்பின் விட்டம் 9 மி.மீ. ஆகக் குறைந்தால் 17 மி.மீ. விட்டத்தில் பத்து சதவீதம் போனதற்கு அண்மைப்புலம் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. ஒலிக்கற்றை விரியும் கோணமும் 8.3 டிகிரியிலிருந்து 9.2 டிகிரிக்குப் போகிறது. வெல்டிங்கிலுள்ள குறையின் அளவை டி.ஜி.எஸ். வரைபடத்தை (தூரம், எதிரொலியின் உயரம், குறையின் அளவு மூன்றையும் தொடர்புபடுத்துவது) வைத்து மதிப்பிடுபவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை, அந்த வரைபடத்தின் அடிப்படையே புரோப்பின் செயல்படு விட்டம்தான். முழு வட்டமும் பூசிய நல்ல தட்டிலேயே, விளிம்பு சுதந்திரமாக அதிர முடியாததால், செயல்படு விட்டத்தை உண்மை விட்டத்தின் 0.97 மடங்காக எடுப்பது வழக்கம்.

மேலே போட்ட கணக்கு வட்டமான பரப்புக்கானது. பிறை உள்ள தட்டில் இயங்கும் பரப்பு வட்டமில்லை, ஒரு பக்கம் கடித்த வட்டம். அதன் மையம் புரோப் கூட்டின் மையத்திலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும். கற்றையின் குறுக்குவெட்டும் இரண்டு திசைகளில் இரண்டு அகலமாக இருக்கும். இவ்வளவும் உறுதி. எவ்வளவு விலகும் என்பதை எலெக்ட்ரோடின் வடிவத்தை மட்டும் வைத்து நம்பகமாகச் சொல்ல முடியாது. செயலற்ற பகுதி பக்கத்துப் பகுதியோடு சேர்ந்து இழுபடுகிறது, பேக்கிங் (தட்டின் பின்னே ஊற்றி அதிர்வை அடக்கும் எபாக்ஸிக் கலவை) எங்கே எப்படிப் பிடித்திருக்கிறது, ஒட்டுப் படலம் ஓரத்தில் தடித்ததா என்பதெல்லாம் சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் புரோப் சான்றிதழில் கற்றை விலகலை அளந்து எழுதுகிறார்கள். ஐ.எஸ்.ஓ. 22232 தரத்தின் இரண்டாம் பகுதி புரோப்களுக்கானது. அங்கே இந்த அளவீடுகள் உண்டு. நீங்கள் செய்யக்கூடிய எளிய காரியம், பிறை இருக்கும் பக்கத்தைக் கூட்டின் வெளியே ஒரு கோடு போட்டுக் குறித்துவைப்பது. பக்கத்தில் துளையிட்ட எஃகுக் கட்டையில் புரோப்பைச் சுழற்றிச் சுழற்றி எதிரொலியின் உயரத்தைப் பாருங்கள். எந்தத் திசையில் மாறுகிறது என்பது அந்தக் கோட்டை வைத்துத் தெரிந்துவிடும்.

எலெக்ட்ரோடின் வடிவத்தைத் திட்டமிட்டு மாற்றி ஒலியைச் செதுக்குவதும் உண்டு. அண்மைப்புலத்தில் வரும் மேடு பள்ளங்களுக்குக் காரணம், தட்டின் முகத்திலிருந்து வரும் நேரலையும் விளிம்பிலிருந்து கிளம்பும் விளிம்பலையும் மோதிக்கொள்வது. விளிம்பை நோக்கி அதிர்வு படிப்படியாகத் தேய்ந்து போனால் விளிம்பலை பலவீனமாகும், கற்றை வழுவழுப்பாகும். 1971-இல் மார்ட்டின், பிரேசீல் ஆகிய இருவர் இதற்கு எளிய வழி ஒன்றைக் காட்டினார்கள்: ஒரு பக்கம் பெரிய எலெக்ட்ரோடு, எதிர்ப்பக்கம் நடுவில் மட்டும் சிறிய எலெக்ட்ரோடு. சிறியதன் ஓரத்திலிருந்து மின்புலம் வெளிப்பக்கம் வளைந்து கசிவதால், அதிர்வு திடீரென்று நிற்காமல் மெல்ல அடங்குகிறது. ஆய்வகத்தில் கற்றையை அளக்கும் வேலைகளுக்கு இது அருமையான வழி. வெல்டிங் சோதனைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். பரப்பை இழக்கிறோம், அதோடு சிக்னலும் போகிறது. உங்களுக்குத் தேவை சின்னக் குறையிலிருந்து வரும் எதிரொலி. வழுவழுப்பான அண்மைப்புலம் இல்லை.

பூச்சைச் சுரண்டிச் சிறிதாக்கினால் அதிர்வெண் மாறுமா என்றும் இதில் ஒரு துணைக் கேள்வி ஒளிந்திருக்கிறது. பெரிதாக மாறாது. அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது தட்டின் கனம்; பி.இசட்.டி.யில் ஒலி வேகம் நொடிக்குச் சுமார் 4,350 மீட்டர் என்பதால் 5 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம், அதாவது தட்டின் கனம், 0.43 மி.மீ. மாறுவது மின்தேக்குத் திறன். பரப்பு பாதியானால் அதுவும் பாதியாகும், மின்மறுப்பு (மாறுதிசை மின்னோட்டத்துக்குத் தட்டு தரும் தடை) இரட்டிக்கும். உங்கள் தட்டு முழுதாக இருக்கும்போது 5 மெகாஹெர்ட்ஸில் அதன் மின்மறுப்பு சுமார் 25 ஓம். 50 ஓம் கேபிளுக்கு இது மோசமில்லை. இதே பொருளில் அரை மில்லிமீட்டர் அகலம், 10 மி.மீ. நீளம் என்று ஒரு சிறு பட்டையை எடுத்தால் மின்மறுப்பு 300 ஓமைத் தாண்டிவிடும். அப்போது இரண்டு மீட்டர் கேபிளின் சொந்த மின்தேக்குத் திறனான 200 பிகோஃபாரட், பட்டையுடையதைவிட இரண்டு மடங்கு ஆகிறது. வந்த சிக்னலில் பெரும்பகுதியைக் கேபிளே விழுங்கும். பல சிறு பட்டைகளை வரிசையாக வைத்த ஃபேஸ்டு அர்ரே புரோப் செய்பவர்களின் தலைவலிகளில் இது ஒன்று.

அர்ரே என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே எலெக்ட்ரோடுதான் எல்லாம். பி.இசட்.டி. தூண்களை எபாக்ஸியில் பதித்த 1-3 கூட்டுப்பொருளை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நியூன்ஹாம் குழுவினர் 1970-களின் இறுதியில் உருவாக்கினார்கள். அதில் அதிர்வு பக்கவாட்டில் அதிகம் பரவாது. அதனால் தட்டைத் துண்டு துண்டாக வெட்டாமல், ஒரு பக்க எலெக்ட்ரோடை மட்டும் கோடு கோடாகப் பிரித்தே தனித்தனி உறுப்புகளை உண்டாக்கிவிடலாம். அந்தக் கோடுகள் மெல்லிசாகும்போது இதுவரை யாரும் கவலைப்படாத ஒன்று தலைதூக்கும்: பூச்சின் சொந்த மின்தடை. 0.2 மைக்ரான் கனமுள்ள தங்கத்தில் 10 மி.மீ. நீளம், 0.3 மி.மீ. அகலம் கொண்ட கோட்டின் தடை நான்கு ஓம் வரை வரும். உங்கள் வட்டத் தட்டில் இது பொருட்டே இல்லை.

இனி கனமும் உலோகமும். எலெக்ட்ரோடு ஒரு மின்பொருள் மட்டுமல்ல, எடையுள்ள பொருளும்கூட என்பதற்குப் பழைய சான்று உண்டு. முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க, 1917-இல் பிரான்ஸின் பால் லாஞ்செவன் குவார்ட்ஸ் துண்டுகளை இரண்டு தடித்த எஃகுத் தகடுகளுக்கு நடுவே ஒட்டினார். அந்த எஃகுதான் எலெக்ட்ரோடு. தனியாக விட்டால் பல நூறு கிலோஹெர்ட்ஸில் அதிரக்கூடிய மெல்லிய குவார்ட்ஸை, கடலில் தூரம் போகும் சில பத்து கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கியதும் அதே எஃகின் எடைதான். 1960-களில் டிரான்சிஸ்டர் புகழ் வில்லியம் ஷாக்லியும் அவருடைய கூட்டாளிகளும் குவார்ட்ஸ் ஃபில்டர்களில் இன்னொன்றைக் காட்டினார்கள். எலெக்ட்ரோடின் எடை, அதன் அடியில் இருக்கும் பகுதியின் அதிர்வெண்ணைச் சற்றுக் குறைத்து, அதிர்வை அங்கேயே சிறைப்படுத்துகிறது.

உங்கள் தட்டில் இந்த எடை எவ்வளவு? வெள்ளித் தூளும் கண்ணாடித் தூளும் கலந்த பசையை அச்சடித்து, 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டு உருவாக்குவது இந்தப் பூச்சு. கனம் ஒரு பக்கத்துக்கு 5 முதல் 10 மைக்ரான் வரை இருக்கும். எட்டு என்று வைத்து, வெள்ளியின் அடர்த்தி 10.5, பி.இசட்.டி.யின் அடர்த்தி 7.7 என்று போட்டால், இரண்டு பக்கமும் சேர்ந்து தட்டின் எடையில் ஐந்து சதவீதம் வருகிறது. அதிர்வெண்ணும் ஏறத்தாழ அதே ஐந்து சதவீதம் இறங்கும். விற்பவர்கள் பூச்சோடு சேர்த்துத்தான் 5 மெகாஹெர்ட்ஸ் என்கிறார்கள், ஆகவே நீங்கள் எதையும் திருத்த வேண்டாம். பேக்கிங் போட்டு நன்றாக அடக்கிய புரோப்பின் அலைவரிசை அகலத்துக்கு முன்னால் இந்த ஐந்து சதவீதம் கண்ணிலும் படாது. 50 மெகாஹெர்ட்ஸ் தட்டு என்றால் கதை வேறு. அதன் கனமே 43 மைக்ரான்தான். இதே வெள்ளியைப் பூசினால் பூச்சின் எடை தட்டின் எடையில் பாதி ஆகிவிடும். அங்கே குரோமியமோ டைட்டானியமோ அடியில் போட்டு அதன்மேல் தங்கத்தை ஸ்பட்டரிங் முறையில் (வெற்றிடத்தில் உலோக அணுக்களைப் படியவைப்பது) மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்கு கனத்துக்குப் பூசுகிறார்கள். நேரடியாகப் பூசினால் தங்கம் மட்பாண்டத்தில் சரியாகப் பிடிக்காது, அதற்குத்தான் அந்த அடிப்பூச்சு.

ஆகவே தங்கம் வேண்டாம் என்பது என் கருத்து. தங்கம் கறுக்காது என்பது உண்மை. ஆனால் எபாக்ஸிக்குள் மூடப்போகும் வெள்ளி கறுத்தால்தான் என்ன? உங்களுக்கு இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. வெள்ளீயம் உள்ள சால்டரில் தங்கம் வேகமாகக் கரைந்துபோகும். மெல்லிய தங்கப் பூச்சில் சூடான அயர்னை வைத்தால் பூச்சே காணாமல் போய், அடியிலுள்ள மட்பாண்டம் தெரியும். சுட்ட வெள்ளி இதைவிடத் தாக்குப்பிடிக்கும், என்றாலும் அதுவும் கரையும். அதனால் இரண்டு சதவீதம் வெள்ளி கலந்த சால்டரை வாங்குங்கள் (62 வெள்ளீயம், 36 காரீயம், 2 வெள்ளி; உருகுநிலை 179 டிகிரி). சால்டரில் ஏற்கனவே வெள்ளி இருப்பதால் பூச்சிலிருந்து அது இழுப்பது குறையும்.

என்னிடம் பழுதுக்கு வந்த புரோப்களில் பிரச்சினை எலெக்ட்ரோடின் உலோகத்தில் இருந்தது அபூர்வம். பெரும்பாலும் வயர் சேரும் அந்தப் பொட்டில்தான். ஒன்று, இணைப்பு பூச்சோடு சேர்ந்து பெயர்ந்து வந்திருக்கும். அல்லது சூடு அதிகமாகி அந்த இடம் தன் போலிங்கை இழந்திருக்கும். பி.இசட்.டி-5ஏ வகையின் கியூரி வெப்பநிலை (பீசோ தன்மை முழுதும் போய்விடும் சூடு) சுமார் 350 டிகிரி. 5ஹெச் வகைக்கு 190 டிகிரி சொச்சம்தான். கியூரி வெப்பநிலையில் பாதிக்குமேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். சால்டரிங் அயர்னோ 300 டிகிரியில் இருக்கிறது. எனவே 5ஏ என்றால் ஓரிரு நொடியில் தொட்டு எடுத்துவிடுங்கள். 5ஹெச் என்றால் 138 டிகிரியில் உருகும் வெள்ளீய-பிஸ்மத் கலவையோ, வெள்ளி கலந்த கடத்தும் எபாக்ஸியோ நல்லது. பொட்டு சிறியதாக, ஓரத்தில் இருக்கட்டும். தட்டின் நடு முதுகில் பெரிய ஈய உருண்டை உட்கார்ந்தால் அதுவும் ஒரு எடைதான், அந்த இடத்தின் அதிர்வைக் கெடுக்கும். வயர் மெல்லியதாக, சற்றுத் தளர்வாக இருக்கட்டும். பேக்கிங் எபாக்ஸி இறுகும்போது சுருங்கி இழுக்கும்.

கிரவுண்ட் எந்தப் பக்கம்? முன்பக்கம், அதாவது பிறையோடு இணைந்த பக்கம். பல்சர் (புரோப்புக்கு மின்துடிப்பு அனுப்பும் கருவி) கொடுப்பது நூற்றுக்கணக்கான வோல்ட். அது, புரோப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே தடவும் ஈரமான கப்ளன்ட்டுக்கும் உங்கள் விரலுக்கும் பக்கத்தில் இருக்க வேண்டாம். முன்பக்கம் கிரவுண்ட் ஆனால் அதுவே வெளி இரைச்சலுக்குத் திரையாகவும் வேலை செய்யும். பேக்கிங்கில் டங்ஸ்டன் தூள் கலக்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. தூள் அதிகமானால் கலவை மின்சாரத்தைக் கடத்தக்கூடும். பிறையையும் பின்பக்க எலெக்ட்ரோடையும் அது ஒன்றாக்கிவிடும். ஊற்றுமுன் பிறைக்கும் இடைவெளிக்கும் மேல் தெளிந்த எபாக்ஸியை மெல்லிசாகத் தடவிக் காயவிடுங்கள்.

தட்டில் ஒரு பக்கம் புள்ளியோ கூட்டல் குறியோ இருக்கும். போலிங்கின்போது நேர்மின் பக்கம் எது என்பதைக் காட்டுவது. அனுப்பவும் வாங்கவும் ஒரே தட்டு என்றால் எதிரொலியின் வடிவம் இதைப் பொறுத்து மாறாது. திருப்பி வைத்தால் அனுப்பும்போது ஒரு முறை தலைகீழாகும், வாங்கும்போது இன்னொரு முறை தலைகீழாகி நேராகிவிடும். இரட்டைத் தட்டு புரோப்பில் ஒன்றை மட்டும் திருப்பினால்தான் அலை தலைகீழாகத் தெரியும். ஆனால் பல்சர் எதிர்மின் துடிப்பு கொடுப்பதாக இருந்தால், குறியிட்ட பக்கம் கிரவுண்டில் இருப்பது பாதுகாப்பு. அப்போது துடிப்பின் மின்புலம் போலிங் திசையிலேயே அமையும். 300 வோல்ட் உங்கள் தட்டில் மில்லிமீட்டருக்கு 700 வோல்ட் ஆகிறது. மென்வகை பி.இசட்.டி.க்கு எதிர்த்திசையில் இது கொஞ்சம் அதிகம்தான். ஒரு மைக்ரோநொடிக்கும் குறைவான துடிப்பு எவ்வளவு காலத்தில் தட்டைத் தளர்த்தும் என்பதற்குப் பொது விதி கிடையாது. பொருளையும் சூட்டையும் பொறுத்து மாறும். பிறை எந்தப் பக்கம் என்பது தட்டிலேயே முடிவாகிவிட்ட ஒன்று, ஆகவே குறி தவறான பக்கம் இருந்தால் துடிப்பின் வோல்டேஜைக் குறைத்து ஓட்டுங்கள்.

வேலை தொடங்குமுன் எல்.சி.ஆர். மீட்டரில் 1 கிலோஹெர்ட்ஸில் மின்தேக்குத் திறனை அளந்துவிடுங்கள். முழு வட்டக் கணக்கில் 5ஏ என்றால் சுமார் 2.7 நானோஃபாரட், 5ஹெச் என்றால் அதன் இரு மடங்கு. பிறையும் இடைவெளியும் பிடித்த பரப்புக்கு ஏற்பக் கொஞ்சம் குறையும். விற்பவர் வகையைச் சொல்லாவிட்டாலும் எந்தச் சால்டர் என்று முடிவு செய்ய இது போதும். கல்லூரியில் நானோ வி.என்.ஏ. (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் மின்மறுப்பை அளக்கும் சிறு கருவி) கிடைத்தால் வயர் வைப்பதற்கு முன்னும் பின்னும் மின்மறுப்பு வரைபடத்தை எடுங்கள். மின்மறுப்பு மிகக் குறையும் அதிர்வெண்ணுக்கும் மிக உயரும் அதிர்வெண்ணுக்கும் நடுவே நல்ல தட்டில் கிட்டத்தட்டப் பத்து சதவீத இடைவெளி இருக்கும். சால்டர் வைத்த பிறகு அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியுமளவு சுருங்கியிருந்தால் தட்டு சூடு பட்டுவிட்டது. பேக்கிங் ஊற்றி வீணாக்காமல் அடுத்த தட்டை எடுங்கள். விளிம்பையோ பூச்சையோ தேய்க்க வேண்டி வந்தால் நீர்த் தாளில் (நனைத்துப் பயன்படுத்தும் உப்புத்தாள்) ஈரமாகத் தேயுங்கள், ஊதாதீர்கள். அந்தத் தூளில் இருப்பது காரீயம்.